மூன்று மில்லிமீட்டர்

தெமுகோ ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
மோவாயைப் பிடித்துக்கொள்வது என் வேலை.
குழாய் இறங்கும் நேரமெல்லாம்
எச்சில் வழியும் ஒரு கன்னம்
என் உள்ளங்கையில் கிடக்கும்.
டாக்டர் ஷிஃபெர்லி திரையைப் பார்ப்பார்.
நான் முகத்தைப் பார்ப்பேன்.

இன்று எல்சீரா நவெல்பான்.
கடற்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்.
கொச்சாயுயோ விற்பவள்.
பாறையில் விளைந்து ரப்பராய்த் துவளும் கடற்பாசி அது;
வெயிலில் காயவைத்துச் சுருட்டி
கட்டுக் கட்டாய்ச் சந்தையில் அடுக்குவாள்.
கொக்கியில் தொங்கிய கருங்குழாயைக் கண்டதும்
"நாற்பது வருஷம் இதை விற்றேன்,
இன்றைக்கு என்னையே முழுங்கச் சொல்கிறீர்களா?"
பல்செட்டைக் கழற்றித் தந்தாள்,
சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல.

அவள் தாள்களைக் காலையிலேயே படித்திருந்தேன்.
மூன்று முறை அவசரப் பிரிவு.
பொரித்த ரொட்டி தின்ற ராத்திரிகளில்
வலது விலாவுக்குக் கீழே கத்தி.
ஒருவர் வாயு என்று எழுதினார்.
ஒருவர், இரைப்பைப் புண்.
மூன்றாமவர் 'எல்லாம் மனசு' என்று எழுதி
தூக்க மாத்திரை தந்தார்.
வயிற்றின்மேல் உருட்டிப் பார்த்த ஸ்கேனைக்
குடல்காற்று மறைத்தது.
சி.டி.யிலும் ஒன்றுமில்லை.
கடைசித் தாளில், கராவே ஊர்ப் பொது மருத்துவர்,
பேனாவால், சாய்ந்த கையெழுத்தில்:
"படங்கள் சுத்தம். நான் நம்பவில்லை.
உள்ளே போய்க் கேளுங்கள்."

கேளுங்கள் என்றுதான் எழுதியிருந்தார்.

மருந்து ஏறியது. எண்ணச் சொன்னோம்.
ஏழில் நின்றாள்.

இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் முதல் வளைவில்
குழாய் நின்றது.
நுனியில் தண்ணீர்ப் பை உப்பியது.
சுவருக்கு அந்தப் பக்கம் பித்தநாளம்;
பக்கத்து வீட்டுப் பேச்சுக்குக்
காதைச் சுவரோடு ஒட்டிவைத்தாற்போல் இருந்தது.
சாம்பல், சாம்பல், நடுவே ஒரு கறுப்பு ஓடை.
ஓடைக்குள் வெள்ளைப் பொட்டு.
"அதற்குப் பின்னால் பார்" என்றார் டாக்டர்.
ஒரு தடவை முகத்தை விட்டுவிட்டுப் பார்த்தேன்.
பொட்டுக்குப் பின்னே ஒரு கறுப்புப் பட்டை,
அந்தியில் ஆளுக்குப் பின்னால் நீளுமே, அப்படி.
ஒலிக்கும் நிழல் உண்டு.
எட்டு வருஷமாய் இந்த அறையில் நிற்கிறேன்.

மூன்று மில்லிமீட்டர்.
கடுகுதான்.
காரத்தை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கணையத்தையும் தலைமுதல் வால்வரை கேட்டோம்.
அங்கே எதுவும் இல்லை.
ஊசி நீட்ட வேண்டியிருக்கவில்லை
(வேண்டியிருக்கும் நாட்களில்
என் கை தானாக இறுகிவிடும்).

விழித்ததும் பல்செட்டைக் கேட்டாள்.
பிறகு, மரத்த நாக்கோடு, "இருந்ததா?"
"இருந்தது. கல். வியாழக்கிழமை எடுத்துவிடுவார்கள்."
சிரித்தாள், எச்சில் தெறிக்க,
பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி.
படத்துக்கு நகல் கேட்டாள்.
இரண்டு.
ஒன்று அவளுக்கு.
இன்னொன்று அந்த மூன்றாமவருக்கு;
பெயர் ஞாபகம் இருக்கிறதாம்.

மடித்தால் கல்லில் கோடு விழும் என்று
அதைச் சுருட்டினாள், பாசியைச் சுருட்டும் அதே விரல்களால்.
கட்ட ஏதாவது இருக்கிறதா என்றாள்.
என் முகக்கவசத்தின் நாடாவை
அவிழ்த்துக் கொடுத்தேன்.