நட்சத்திரக் குறி

நள்ளிரவு. ரோண்டா பள்ளத்தாக்கில் மழை.
லேப்டாப்பில் ஒரு கடிதம்:
கிளப் திவால். பன்னிரண்டு புள்ளி கழிவு.

பதினொரு வெற்றி, ஐந்து டிரா.
முப்பத்தெட்டு நிற்க வேண்டிய இடத்தில்
இருபத்தாறு.
கோல் வித்தியாசத்தை மட்டும் யாரும் தொடவில்லை.
பெயருக்குப் பக்கத்தில் புதிதாய் ஒரு நட்சத்திரக் குறி,
எத்தனை அலசினாலும் போகாத கறை மாதிரி.

அந்த அர்ஜென்டினாக்காரன்தான்.
வாரம் ஒன்பதாயிரம் பவுண்டு.
வாங்கும்போதே இட்வல் பென்ரிக்குத் தெரியும்.
"மேல் டிவிஷனுக்கு ஏறிவிட்டால்
கடன் தானாய் அடைந்துவிடும்."

போன வருடம் நிஜ கிளப்பின் தலைவர்
இதே வாக்கியத்தைச் சொன்னபோது
ஈர ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு
கைதட்டியவன்தான் இவனும்.
மூன்று மாதமாய்ச் சம்பளம் இல்லை.
சலவை மிஷினுக்குச் சோப்புத்தூள்
இவன் காசு.

கேமில் சட்டை துவைப்பவன் கிடையாது.
ஒவ்வொரு சனிக்கிழமையும்
அவை தாமாகவே வெளுத்துவிடுகின்றன.

பழைய சேமிப்பைத் திறந்தால்
பன்னிரண்டும் திரும்பிவிடும்.
அம்புக்குறி அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு அடுத்த ஆட்டத்துக்கு
பதினொரு பேரைப் பொறுக்கினான்.
அர்ஜென்டினாக்காரனுக்கு பெஞ்ச்.
அநியாயம்தான்,
கையெழுத்துப் போடச் சொன்னது யார்?