புதியதா, பயன்பட்டதா

போர்ட் லூயிஸ், ஆறாம் கிடங்கு.
புயல் எச்சரிக்கை இரண்டாம் எண்.
பூட்டிவிட்டுப் போயிருக்கலாம்;
க்ரான் பேயில் விடுதி வைத்திருக்கும் துரை
மூன்று முறை போன் செய்துவிட்டார்.

பெட்டிக்குள் ஓர் ஆள்.
ஆள் மட்டும் இல்லை.

படிவம் கேட்கிறது: பொருள் என்ன?
ஆயுதம் என்றால் போலீஸ் அனுமதி.
ஆடை என்றால் வரி.
பழம்பொருள் என்றால் வரியில்லை,
பழசு என்று காட்ட வேண்டும்.
"தோலா இரும்பா, அதையாவது சொல்லுங்கள்"
என்கிறாள் ரோஸ்மே, கேமராவும் விளக்குமாய்.

இரண்டும்தான்.
நகத்தளவு செதில்கள்,
ஒன்று இரும்பு, அடுத்தது தோல்,
ஒன்றின் தோளில் ஒன்று பாதி ஏறி.
மேலே மரப்பால் பூச்சு, கன்னங்கறுப்பு.
ஈரக்காற்றில்தான் அது உலருமாம்,
கூட வந்த காகிதம் சொல்கிறது.
உப்புக்காற்று தின்னாத பூட்டு இந்தத் துறைமுகத்தில் இல்லை;
இது மட்டும் ஊர் பிடித்துப்போனதுபோல் மினுக்குகிறது.

செதிலுக்குச் செதில் பட்டுக்கயிறு,
அவுரி நீலம், ஓரத்தில் ஒரு வரி சிவப்பு.
எண்ணத் தொடங்கி நானூறில் விட்டேன்.
மார்பில் மான்தோல், அதில் அச்சிட்ட சிங்கம்:
சிங்கத்தைக் கண்டிராதவன் வரைந்தது,
சுருள் சுருளாய்ப் பிடரி, நாய் முகம்.

தலைக்கவசம் அறுபத்திரண்டு தகடு.
நெற்றியில் பொன்முலாம் பூசிய தட்டான்.
பின்வாங்காத பூச்சியாம், அதனால் வைத்தார்களாம்.
பின்னாலும் பறக்கும்,
மோக்கா ஆற்றோரம் பார்த்திருக்கிறேன்.
என்றாலும் செய்தவனைக் குறை சொல்ல மாட்டேன்,
இறக்கையின் ஒவ்வொரு நரம்பும் உளிக்குத் தெரிந்திருக்கிறது.
தட்டானைத் தட்டியவனும் தட்டான்.
இதை ரோஸ்மேக்கு க்ரியோலில் சொல்லிப் பார்த்தேன்,
சிரிப்பு வரவில்லை.

முகமூடி தனியே, துணியில் சுற்றி.
குதிரைமயிர் மீசை, வெள்ளிப் பல்,
மூக்கின் மேல் மூன்று மடிப்புக் கோபம்.
திருப்பினேன். உள்ளே ரத்தச் சிவப்பு.
முகவாய்க்கு அடியில் ஒரு துளை,
மிளகு நுழையும் அளவு.
ஆணிக்கா? கயிற்றுக்கா?
காகிதத்தைப் புரட்டினேன்:
வியர்வை வடிய.

அத்தனை பல்லையும் வெளியே வைத்தவன்
உள்ளே இருப்பவனுக்கு வியர்க்கும் என்று
பட்டறையில் குனிந்து துளையிட்டிருக்கிறான்,
கழுத்தில் குத்தாதபடி
விளிம்பைத் தேய்த்தும் இருக்கிறான்.

அடுத்த கட்டம்: புதியதா, பயன்பட்டதா?
வெட்டு இல்லை. குண்டு பட்ட குழி இல்லை.
கூடத்தில் நிறுத்திவைத்த பொம்மை
என்றுதான் எழுத இருந்தேன்.
வலது அக்குள் அருகே
ரோஸ்மேயின் விளக்கு நின்றது.
பட்டு அறுந்த இடத்தில்
வெறும் பருத்தி நூல், நாலு தையல்,
நிறம்கூடப் பார்க்காமல்,
முடிச்சின் மேல் முடிச்சு.
விடிவதற்குள் கிளம்ப வேண்டியவன் போட்டது.

பயன்பட்டது. டிக்.

வெளியே கிரேன்களுக்குக் கீழே
தட்டான்கள் முழங்கால் உயரத்தில்.
மூன்றாம் எண் ஏற்றுமுன் வீடு சேர வேண்டும்.
பொருள் என்ன என்ற கட்டம்
இன்னும் காலி.
துரை நாலாவது முறை அழைக்கிறார்.