நேரலை, அத்தியாயம் பதினொன்று

பெரியகடையில் மீற்றர் முந்நூற்றைம்பதுக்கு வாங்கிய
பச்சைத் துணிக்கு முன்னால் நிற்கிறேன்.
உங்களுக்கு அது வியாழன்.
எனக்கு, டிலக்சன் அயர்ன் பண்ண மறந்த மடிப்பு.

"இண்டைக்குச் சுவாதி," என்கிறேன்.
"முப்பத்தேழு ஒளியாண்டு.
அங்கை நிண்டு இப்ப பார்க்கிறவைக்கு
எண்பத்தெட்டாம் ஆண்டு யாழ்ப்பாணம்தான் தெரியும்."
எனக்குப் பிடித்த வசனம்.
நகைக்கடை விளம்பரத்துக்கு முன்னால்
எப்போதும் நன்றாக விழும்.

தொலைபேசியில் கொக்குவிலிலிருந்து திலகேஸ்வரி.
"அப்ப, ஐப்பசி பதினாலு, பின்னேரம் நாலு மணி,
ரெயில் கடவையடி தெரியுமோ?"
"தெரியும் அக்கா. அருமையான கேள்வி."
"சைக்கிளோடை நிண்டவரை ஏத்தின ட்ரக்.
அதின்ர நம்பர்?"

டிலக்சன் விரல்களால் கத்தரிக்கோல் காட்டினான்.
நெக்லஸ்கள் சுழன்றன.

இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அந்த நம்பரை வாசிக்க
நெப்டியூனின் பாதையைவிட அகலமான ஆடி வேண்டும்.
அதை அவரிடம் சொல்லலாம்.
நாலு மணிக்குச் சுவாதி கொக்குவிலுக்கு மேல்தான்,
மேற்கே சரிந்து, வெயிலுக்குள் ஒளிந்து.
அதையும் சொல்லலாம்.
ஆனால் ஐப்பசி.
மேகம் மூடியிருந்தால்
கடவையடியிலிருந்து ஒளி
புறப்பட்டே இராது.

வருகிற வியாழக்கிழமை செவ்வாய்க் கிரகம்.
பிரதி எழுதியாயிற்று, துணியும் தோய்த்தாயிற்று.
அவருடைய இலக்கம் என் கைபேசியில் கிடக்கிறது.
எடுப்பதும் வைப்பதுமாய் மூன்று நாள்.
கேட்க இருப்பது இவ்வளவுதான்:
அக்கா, அண்டைக்கு மழையோ?