அரிசிக்குள் கத்தி

சுங்கை காடுட்டில்
சனிக்கிழமை மூன்று மணி நேரம் உலை எனக்கு.
வாடகை நாற்பது வெள்ளி, எரிவாயு தனி.
மற்ற நாட்களில்
மின்தூக்கிகளின் முதுகில் ஏறி நின்று
இரும்பு வடங்களைச் சரிபார்ப்பவன்.

இரும்பு, ஒரு லாரியின் வில்பட்டை.
கிராஞ்சியில் எடைக்குக் கிடைத்தது.
எத்தனை காலம் எத்தனை பாரத்துக்கு வளைந்துகொடுத்ததோ,
நிமிர்த்தவே ஒரு சனிக்கிழமை போயிற்று.
சிவப்பு போதாது, செம்மஞ்சள் வேண்டும்.
காந்தத்தை நீட்டினால் ஒட்டக் கூடாது.
அந்த நேரம் பார்த்து அடிக்க வேண்டும்,
ஆறிய பிறகு அடிப்பது
கைக்குத்தான் வலி.

தமிழில் இந்த வேலைக்கு ஒரு தொந்தரவு:
கத்தி என்று நினைத்தாலே
நான் கத்தியதும் கூட வந்துவிடுகிறது.
அப்பாவின் வீட்டை விற்ற மாதம்.
ஒன்பதாவது மாடி, மின்தூக்கி வாசல்.
"உனக்கு எவ்வளவு வேணும், சொல்லு, எவ்வளவு?"
அரசி அக்கா
வெங்காயம் நறுக்கிய கையோடு நின்றாள்.
கதவு மூடியது.
நான் பராமரிக்கும் ரகம்தான்.
நான்கு விநாடி.

அதற்குப் பிறகு இரண்டு வருடம்.

முதல் அலகு எண்ணெயில் இறங்கியதும்
டிங் என்றது.
பக்கத்துப் பட்டறையிலிருந்து பூன் தெக்
தலையை நீட்டி "ஐயோ" என்றான்.
இந்த ஊரில் அது எல்லாருடைய சொல்.
மயிரிழைதான் விரிசல்,
ஆனால் முதுகுவரை.
அளவுக்கு மீறிக் காய்ச்சியிருந்தேன்.

இரண்டாவதற்கு
புரோட்டாக் கடையில் கேட்டு வாங்கிய பழைய எண்ணெய்.
கத்தி பிறந்த பட்டறையில்
அன்று முழுக்க வடை வாசனை.
பிறகு வீட்டு அவனில் இருநூறு டிகிரி,
வைக்கோல் நிறம் வரும்வரை இரண்டு மணி நேரம்
நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன்.
பதம் என்றால் சொல் என்றும் பொருளாம்.
எனக்கு இரண்டுமே
தப்பித் தப்பித்தான் வருகின்றன.

கைப்பிடி, காற்றில் சாய்ந்த அங்சானா.
உறை, தூங்குமூஞ்சி மரம்.
இரண்டு துண்டுப் பலகை,
நடுவே அலகின் உருவத்தைக் குடைந்து ஒட்ட வேண்டும்.
கவிழ்த்தால் விழக் கூடாது,
இழுத்தால் அடம்பிடிக்கக் கூடாது.
கத்தியைச் செய்ய ஐந்து சனிக்கிழமை.
கத்திக்கான இடத்தைச் செய்ய ஏழு.
"உள்ளேயும் வெளியேயும் மெழுகு பூசு லா" என்றான் பூன் தெக்.
நாளைக்கு என்றேன்.

நாளைக்கு மழை.
நாளிதழில் சுற்றி, டேப் ஒட்டி,
பேருந்தில் மடியில் வைத்து
உட்லண்ட்ஸ் வரை அதட்டாமல் கொண்டுபோனேன்.
நிறுத்தத்திலிருந்து புளோக்குவரை
கூரை இல்லாத அந்த முப்பது அடி போதுமாக இருந்தது.

கதவைத் திறந்தாள்.
"நனைஞ்சிட்டே."
"கத்தி" என்றேன்.
வேறெதுவும் வரவில்லை.

கைக்குக் கை கொடுத்தால்
உறவு அறுந்துபோகும் என்பார்கள்.
மேசையில் வைத்தேன்.
எடுத்தாள், இழுத்தாள்,
மழை குடித்த மரம்
கத்தியைக் கவ்விக்கொண்டு விடவில்லை.

"இந்தா, அந்தப் பக்கம் பிடி."
உறை என்னிடம், பிடி அவளிடம்.
சமையலறை நடுவே
முழங்கால் வலிக்காரர்கள் இருவர்
சுவரில் காலூன்றி இழுத்தோம்.
அவள் மகன் எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனான்.
ஒரே நேரத்தில் இருவர் கையிலும் இருக்கிறது,
இது கொடுத்ததில் சேருமா என்று
நடுவில் ஒரு யோசனை.
அவள்தான் முதலில் சிரித்தாள்.
எனக்குப் பிடி நழுவியது.

அரிசி வாளியைத் திறந்து
கைப்பிடி மட்டும் தெரிய
உள்ளே செருகினாள்.
"ஃபோன் தண்ணியில விழுந்தப்பவும் இப்படித்தான் வச்சேன்.
மூணு நாளாகும்."

அன்று ஞாயிறு.

"புதன்கிழமை நண்டு" என்றாள்,
மூடியை அழுத்திக்கொண்டே.