ஐந்து கஜம் கூடுதலாக

அப்பாவுக்கு எழுபது முடிகிறது.
குடும்பம் முழுக்க ஒரே துணியில் நின்று
ஒரு படம் எடுத்தாக வேண்டும்.
இபாதானில் இதற்கு மறுபேச்சு கிடையாது.
கணக்கு நோட்டு என் கையில்.

நிறத்துக்கே பதினொரு நாள் போயிற்று.
கிக்கேலோமோ அக்கா மயில்கழுத்து என்றாள்.
முயிவாவின் மனைவி வெங்காயத்தோல் நிறத்தில்
லேஸ் லேஸாகப் படம் அனுப்பினாள்,
இரவு ஒரு மணிக்கு.
அபெர்டீனிலிருந்து அடேஜுமோ
எதுவானாலும் சரி என்று எழுதிவிட்டு
அரை மணி கழித்து
வெங்காயம் மட்டும் வேண்டாம் என்றான்.
அப்பா கேட்டது ஒன்றுதான்:
உட்கார நாற்காலி உண்டா?

மயில்கழுத்து வென்றது.
தொப்பிக்கும் தலைக்கட்டுக்கும் செம்பு நிறம்.

அதன்பிறகுதான் நிஜமான சண்டை.
யாருக்குத் துணி போயிற்று, யாருக்குப் போகவில்லை என்று
பத்து வருடம் கழித்தும் சொல்லிக்காட்டுகிற ஊர் இது.
முயிவாவின் முதல் மனைவிக்கு உண்டா?
பிரிந்துபோனவள்தான்,
ஆனால் மூன்று பிள்ளைகளின் தாய்.
இரண்டு நாள் விவாதித்து
முழு உடுப்பு இல்லை, தலைக்கட்டு மட்டும்
என்று தீர்ப்பானது.
வாங்கிக்கொண்டாள்.
வருவதாகச் சொல்லவில்லை.

பெரியவர்கள் ஒன்பது பேருக்கு ஐந்து ஐந்தாக,
சின்னவர்கள் ஆறு பேருக்கு இரண்டரை,
அப்பாவின் அக்படாவுக்கு மட்டும் பத்து.
கூட்டினால் எழுபது கஜம்.
அவர் வயதும் அதுவே என்று
அடுக்களைக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

எகுசி விதை உரித்துக்கொண்டிருந்த அம்மா
எழுபத்தைந்தாகப் போடு என்றாள்.
யாருக்கு?
முஃபுதாவுக்குத் தெரியும்.
முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

மொக்கோலாவில் முஃபுதாவின் கடையில்
மின்விசிறி ஓடாத மதியம்.
எங்கள் அளவுகளைப் படித்துக்காட்டினார்.
(அடேஜுமோ அனுப்பியிருந்தது
கல்யாணத்தன்று இருந்த இடுப்பு.
நான் இரண்டு அங்குலம் கூட்டச் சொன்னேன்.)
பிறகு எச்சில் தொட்டு
நோட்டின் பின்பக்கம் புரட்டினார்.

டுரோஜயே.
எங்கள் குடும்பப் பெயர் அதற்கடுத்து.

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் ஒரே ஒருமுறை
நான்தான் வாய்விட்டுச் சொன்னேன், பதினான்கு வயதில்.
ஒரு தட்டு உடைந்தது.
யார் கையிலிருந்து என்று இன்றுவரை
ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம்.

பள்ளிச் சீருடை. இடுப்பு இருபத்தொன்று.
அடுத்த செப்டம்பர், இருபத்திரண்டு.
ஒரு வருடம் முழங்காலில் ஒட்டு போட்டது.
ஒரு வருடம் சடசடவென்று நாலு அங்குலம் உயர்ந்தது.
பதினாறு செப்டம்பர்கள்.
பணம் கொடுத்தவர் என்ற இடத்தில்
பதினாறு முறையும் அம்மாவின் பெயர்,
முஃபுதாவின் கோணல் எழுத்தில்.
அப்பா பெயர் எங்கும் இல்லை.

கழுத்து பதினைந்தரை, சரியா?
என்று கேட்டார்.
எனக்கு எப்படித் தெரியும்.
சரி என்றேன்.

சனிக்கிழமை. ஸ்டுடியோ. ஜெனரேட்டர் இரைச்சல்.
பவுடரெல்லாம் வியர்வையில் கரைய
போட்டோக்காரர் விரலால் பிரித்துக்கொண்டிருந்தார்:
மகன்கள் நாற்காலிக்குப் பின்னால்,
மருமகன்கள் ஓரத்தில்.
அவன் ஓரத்துக்குப் போனான்.
அப்பாவின் காதுகள் அவனுக்கு,
எங்கள் யாருக்கும் வராத அந்தக் காதுகள்.
அப்பா நாற்காலியின் கைப்பிடியில்
இல்லாத தூசியைத் தட்டினார்.

அம்மா எழுந்தாள்.
உடுப்பு மொத்தமும் சரசரத்தது.
தோள் தையல் இறங்கியிருக்கிறது என்று
யாரிடமும் இல்லாமல் சொல்லி
அந்தத் தையலைப் பிடித்தபடியே
ஓரத்திலிருந்து அவனை நடத்திவந்து
முயிவாவுக்கும் அடேஜுமோவுக்கும் நடுவில்
விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

படம் வந்தது.
எனக்குக் கண் பாதி மூடியிருக்கிறது,
அதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை.
கிக்கேலோமோவுக்கு உறுத்தியது தொப்பிகள்.
இரண்டு ஒருபக்கம் சாய,
நடுவிலிருப்பது மட்டும் மறுபக்கம்.
கணினியில் திருப்பிவிடலாம் என்றார் போட்டோக்காரர்.

வேண்டாம் என்றாள் அம்மா.
அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.