குடிவந்தவள்

சிலோயே தீவில் வீட்டைப் பெயர்ப்பது புதிதல்ல.
நிலம் ராசியில்லை என்பார்கள், பேய் நடமாட்டம் என்பார்கள்.
மரவீட்டை அப்படியே நெம்பி
உருளைக்கட்டைகள்மேல் ஏற்றி
எருது பூட்டி இழுத்துவிடுவோம்.
குறுக்கே கடல் வந்தால்
பீப்பாய் கட்டி மிதக்கவிட்டுப் படகால் இழுப்போம்.
ஊரே வரும். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு.
மிங்கா என்று அதற்குப் பெயர்.

ஆனால் ஒட்டிலியா வெஞ்சூர் சொன்ன காரணத்தை
அதுவரை யாரும் சொன்னதில்லை.
"அக்கரையில் குளோரிண்டா படுத்துவிட்டாள்.
ராத்திரி தண்ணீர் கேட்டால் கொடுக்க ஆளில்லை."

உறவா என்றேன். இல்லை.
சிநேகிதியா? அதுவும் இல்லை.
இரண்டு செம்மறிக்குப் பன்னிரண்டு வருடமாய்க்
காசு தராமல் இழுத்தடிப்பவள் குளோரிண்டா.
"அவளை இக்கரைக்குத் தூக்கி வந்துவிடேன்.
வீட்டைவிட லேசுதான்."
ஒட்டிலியா சிரிக்கவில்லை.
"அந்த ஜன்னலை விட்டு அவள் வரமாட்டாள்.
மகன் போன கடல் அதில்தான் தெரிகிறது.
நான் போகிறேன். எனக்குக் கால் இருக்கிறது.
வீட்டுக்குத்தான் இல்லை, ரெமிஹியோ.
அதற்கு உன் படகு வேண்டும்."

என்னிடம் அன்பு இல்லை. படகு இருந்தது.
டீசல் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் மாதத்துப் பெரிய ஏற்றம்.
பன்னிரண்டு ஜோடி எருது, அறுபது பேர்,
தோளில் கயிறு பதித்த தழும்பு ஆறேழு நாள் எரிந்தது.
வீடு தண்ணீரில் இறங்கியபோது
இறங்க மறுத்த பூனை ஒன்று
சமையலறை ஜன்னலில் உட்கார்ந்திருந்தது,
தன் கப்பல் என்பதுபோல.
நடுக்கடலில் இயந்திரம் திணறியது.
பின்னால் திரும்பிப் பார்த்தேன்:
புகைபோக்கியோடு, சிலுவையோடு,
உருளைக்கிழங்கு மூட்டையோடு
ஒரு முழு வாழ்க்கை என் கயிற்றில் தொங்கிக்கொண்டு வந்தது.

கடவுள் மனிதரிடையே குடிவந்தார் என்று
கோயிலில் உபதேசியார் வருடந்தோறும் சொல்வார்.
அவருக்கென்ன, ஒரு வார்த்தையில் வந்திருப்பார் என்று
பெஞ்சில் தூங்கிவழிந்திருக்கிறேன்.
குடிவருவது எத்தனை பாரம் என்று
அன்றைக்குத்தான் என் இயந்திரம் எனக்குச் சொன்னது.

அக்கரையில் சேறு. எருதுகள் மேடேற மறுத்தன.
ஏறிய மட்டும் போதும் என்று
வீட்டை அங்கேயே நிறுத்தினோம்.
ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது.
அப்போதுதான் குளோரிண்டாவின் குரல்:
"பாவி, என் கடலை மறைத்துவிட்டாயே!"

நன்றி என்று ஒரு சொல் இல்லை.
நாங்கள் கோப்பைகளைக் கீழே வைத்தோம்.
யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள், நானாக இருக்கலாம்.
ஒட்டிலியா போய்க் கட்டிலருகே குனிந்து
அவள் தலையணையில் தன் தலையைச் சாய்த்து
அவள் பார்க்கும் இடத்தைப் பார்த்தாள்.
"ஆமாம், மறைக்கிறது" என்றாள்.
ரம்பத்தை எடுத்து வந்தாள்.

தன் வீட்டின் பின்சுவரில் ஒரு சதுரம்.
நேர் எதிரே முன்சுவரில் ஒரு சதுரம்.
அலெர்சே மரத்தூள் மாவுபோல் அவள் தலையில் படிந்தது.
சாயங்காலத்துக்குள்
குளோரிண்டாவின் கட்டிலிலிருந்து பார்த்தால்
ஒட்டிலியாவின் அடுப்பைத் தாண்டி,
காயும் துணியைத் தாண்டி,
கடல் தெரிந்தது.

செம்மறிக் காசு இன்னும் வரவில்லை.
இரண்டு ஓட்டைக்கும் பிளாஸ்டிக் தாள் அடித்திருக்கிறாள்.
காலையில் அதைச் சுருட்டிவிடுவாள்.
மங்கலாய்த் தெரிந்தால் அந்தப் பக்கமிருந்து வசவு வரும்.
மழை அவள் வீட்டுக்குள் ஒரு வாசலில் நுழைந்து
மறு வாசலில் போகிறது.
பூனை கோபித்துக்கொண்டு
குளோரிண்டாவின் காலடியில் குடியேறிவிட்டது.
அந்தக் கால்களுக்கு அது தெரியாது.

நேற்று கிழங்கு ஏற்றப் போனவன்
கேட்காமலே அந்தச் சதுரங்களை அளந்தேன்,
வீட்டை இழுத்த அதே கயிற்றால்.
பட்டணத்தில் கண்ணாடி விலை அதிகம்.
இன்னும் வாங்கவில்லை.
கயிற்றில் நான்கு முடிச்சுகள் இருக்கின்றன.
படகில் எதைக் கட்டினாலும்
கையில் இடறுகின்றன.