இருபதுக்குப் பதினொன்று

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே,
பாதி ஷட்டர் இறக்கிய லேபில்
சென்ட்ரிஃபியூஜ் சுற்றி நிற்கும்வரை
போனில் செல் பார்க்கிறேன்.

கழுவித் துடைத்துக் கொண்டுவந்த மாதிரி
ஒவ்வொன்றாக வருகின்றன.
கொல்லாங்கொட்டையாய் மடிந்திருந்தால் மோனோசைட்.
ஜவ்வரிசியைச் செம்மண்ணில் புரட்டியிருந்தால் இயோசினோஃபில்.
நியூட்ரோஃபில் எனக்குத் தப்பாது.
மூணு முடிச்சு,
நமக்குத்தான் இன்னும் விழவில்லை என்பாள் பெனிலா.

தப்புவது எப்போதும் ஒன்றே ஒன்று:
பெரிதாய், வெளிறி,
ஓரத்தில் நீலம் கசிந்த அந்த லிம்போசைட்.
பிளாஸ்ட் என்று தொடுவேன்.
சிவப்பாய் ஒரு பெருக்கல் குறி.
மறுபடியும் பிளாஸ்ட்.
மறுபடியும் குறி.
யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.
கீழே சின்ன எழுத்தில் விளக்கம்:
காய்ச்சலில் கிளர்ந்த செல் இது,
பக்கத்துச் சிவப்பணு முட்டினால்
பெரும்பாலும் வளைந்து கொடுக்கும்.
அடுத்தது, என்கிறது பொத்தான்.

வியாழக்கிழமை விடாத மழை.
பம்மத்திலிருந்து ஒரு பையன், அபிஷோன், ஒன்பது வயசு.
அப்பாவின் சட்டையில் ரப்பர்ஷீட் வாடை.
தட்டணு நாற்பத்திரண்டாயிரம்.
வெள்ளையணுவில் மெஷின் கொடி காட்டியது.
ஈரக்காற்றில் ஸ்லைடு காய மாட்டேன் என்றது,
சாயம் மணல்மணலாய்ப் படிந்துவிட்டது.
எண்ணெய்த் துளிக்கு அடியில்
அதே செல்.
இங்கே பொத்தான் இல்லை.
கண்ணாடி ஓரத்தில்
பென்சிலால் நான் எழுதிய பெயர் இருக்கிறது.

"பிள்ளே, ரத்தத்துல வேற ஏதும் உண்டுமா?"
'வேற' மட்டும் மெதுவாக வந்தது.
டாக்டர் சொல்லுவாரு அண்ணே, என்றேன்
கண்ணை எடுக்காமல்.

திருகை இம்மி நகர்த்தினேன்.
கூட்டமான பஸ்ஸில்
கம்பிக்கும் ஆளுக்கும் நடுவே ஒடுக்கிக்கொள்ளும் இடுப்பு,
அப்படி வளைந்திருந்தது ஓரம்.
நூறு எண்ணினேன்.
அந்தச் சாதி பத்தொன்பது.
பதினெட்டு வளைந்தன.

ஒன்றுக்காக
ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி
நாகர்கோவிலுக்குப் பைக்கில் அனுப்பினோம்.
ஏழரைக்கு போன் வந்தது:
எல்லாமே கிளர்ந்தவைதான், டெங்கு பாருங்கள்.
வாசல் படியில் உட்கார்ந்திருந்தவர்
எழுந்து, பீடி பற்றவைக்க
மூன்று தீக்குச்சி செலவழித்தார்.

ராத்திரி மறுபடியும் இருபது கேள்வி.
வளைந்தவை அத்தனையும் சரி.
பதினேழாவதாக வந்ததையும்
கிளர்ந்தது என்றே தொட்டேன்.
அது பிளாஸ்ட்.

சிவப்புக் குறி.
பாலத்தின் மேல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
அடுத்ததைத் தொடாமல்
திரை தானாக அணையும்வரை
அதன் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.